எட்டுப் பொத்தான்கள்

கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு, காமென் இரண்டடி பின்னால் போய் நின்று மனைவியைப் பார்த்தான். வெள்ளைச் சட்டை, எட்டு முத்துப் பொத்தான்கள், உதட்டில் கொஞ்சம் சாயம்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கே."

"கல்யாணப் பொண்ணு கையில கம்பு எதுக்காம்?" என்றாள் வெலிச்கா.

நரம்பு நோய் வந்து பதினோரு வருடம். முதலில் கால்களைப் பிடித்தது, இப்போது விரல்களுக்கு வந்துவிட்டது. எழுபத்தாறு சதவீதம் ஊனம் என்று மருத்துவக் குழு கொடுத்த காகிதம் பெட்டியில் இருக்கிறது. 'துணையாள் தேவை' என்று அதில் ஒரு வரி சேர்ந்தால், காலையில் நகராட்சி ஒருத்தியை அனுப்பும். காமென் விடியுமுன் ரொட்டி வண்டியை எடுத்துக்கொண்டு போனால் நண்பகலுக்குத்தான் திரும்புவான். அதுவரை அவள் இரவு உடையிலேயே கிடக்க வேண்டும். தபால்காரர் கதவைத் தட்டினால், வீட்டில் யாருமே இல்லாததுபோல் மூச்சை அடக்கிக்கொள்வாள்.

ஆனால் அந்த ஒரு வரியைக் கேட்டால் மொத்தக் கோப்பையும் திறந்துவிடுவார்கள். சதவீதத்தை ஏற்றித்தான் தர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை, குறைக்கவும் செய்யலாம். அதே தெருவில் இருக்கும், ஒரு கால் இல்லாத கெஞ்சோ, மற்ற காலும் மோசமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். சதவீதத்தைக் குறைத்து அனுப்பினார்கள். 'போன கால் முளைச்சிடுச்சா மாமா?' என்று கடைத்தெருவே கேட்டுச் சிரித்தது. கெஞ்சோ மட்டும் சிரிக்கவில்லை.

"போகாதே அக்கா. இருக்கறதையும் புடுங்கிடுவாங்க. அந்தக் காகிதத்தோட கெடு தீர இன்னும் பதினாலு மாசம் இருக்குல்ல, பல்லைக் கடிச்சுக்கோ," என்றாள் பக்கத்து வீட்டு மிந்கா.

கடித்துக்கொண்டுதான் இருந்தாள். மார்ச்சில் ஒருநாள் காப்பிப் பாத்திரம் கைநழுவித் தொடையில் கொட்டியது. சுட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். நனைந்த உடையைக் கழற்ற முடியவில்லை. அதிலேயே நண்பகல்வரை உட்கார்ந்திருந்தாள். காமென் வந்து கதவைத் திறந்ததும், "எழுதிக் கொடு," என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர்கள் முன்னால் போவதென்றால் அந்த ஊரில் குளித்து, முடிக்குச் சாயம் பூசி, இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டுதான் போவார்கள். அழுக்காகப் போனால் குடும்பத்துக்கே கேவலம். மிந்கா முடியைப் பார்த்துக்கொண்டாள், மற்றதெல்லாம் காமென். அதற்கே இரண்டு மணி நேரம் ஆயிற்று.

மருத்துவக் குழுவின் அறை வாசலிலேயே காமெனை நிறுத்திவிட்டார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த டாக்டரம்மா ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கீங்க," என்றாள். பிறகு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள்: "நேர்த்தியாக உடுத்தி வந்தார். தன் காரியங்களைத் தானே செய்துகொள்கிறார்."

"பொத்தான் போட்டவர் வெளியில நிக்கிறாரு, டாக்டரம்மா. கூப்பிட்டுக் கேளுங்க."

"எல்லாரும் இதைத்தான்மா சொல்றாங்க. எழுபத்தாறே அதிகமோன்னு பார்க்கணும். வெளியில நிறையப் பேர் காத்திருக்காங்க, கிளம்புங்க."

வெலிச்காவின் காதுமடல் கொதித்தது. இருபத்திரண்டு வருடம் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் துளை தைத்தவள் அவள். எத்தனை ஆயிரம் துளைகள்! இந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் போட்டிருக்கும் சட்டைகளில்கூட ஒன்றிரண்டு இருக்கலாம். கம்பை நாற்காலியில் சாய்த்தாள். மணிக்கட்டுகளைச் சட்டையின் கழுத்துக்குள் கொடுத்து ஓர் இழுப்பு இழுத்தாள். மூன்று பொத்தான்கள் விடுபட்டன. நான்காவது பிய்ந்து மேசைக்கடியில் உருண்டு போயிற்று. உள்சட்டை தெரிந்தது. தெரியட்டும்.

"என்னம்மா இது!" என்றாள் டாக்டரம்மா.

"இப்ப நானே போடறேன். பார்த்துட்டு எழுதுங்க."

ஓரத்தில் இருந்த இளம் டாக்டர் பொத்தானைப் போட்டுவிடப் பதறி எழுந்து வந்தார்.

"உட்காருங்க தம்பி. நாளைக்குக் காலையில எங்க வீட்டுக்கு நீங்களா வரப்போறீங்க?"

அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் மேல் பொத்தானைப் பிடித்தாள். நழுவியது. மறுபடி பிடித்தாள். சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. வெளியே யாரோ இருமினார்கள். கதவு தட்டப்பட்டது.

"வெலி?" காமெனின் குரல். "என்ன ஆச்சு?"

"இன்னும் முடியல," என்றாள், தலையைத் திருப்பாமல்.

பொத்தான் துளையின் விளிம்புவரை வந்தது, வழுக்கியது, திரும்ப வந்தது. டாக்டரம்மாவின் பேனா காகிதத்தின்மேல் ஊன்றியபடியே நின்றது. அதன் முனையில் மைப்புள்ளி மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.