இடதுபக்கப் பெட்டியின் சிவப்பு ஒயர்

மூன்று மணிக்கு ஹரிஷங்கர் வருவதாக ஏற்பாடு. இரண்டே முக்காலுக்குத்தான் நேசையன் அந்த ஒயரைப் பார்த்தார்.

இடதுபக்க ஸ்பீக்கரின் முதுகில், சிவப்பு முனையில் கறுப்பு ஒயர். கறுப்பில் சிவப்பு. ஹரிஷங்கர் கொண்டுவரும், பாட்டுப் போடுவதற்கான புதுக் கம்ப்யூட்டருக்கு இடம் பண்ணப் பெட்டியை ஒரு சாண் நகர்த்தியிராவிட்டால் அது இன்னும் பத்து வருஷம் அப்படியே கிடந்திருக்கும்.

நேசையன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவரே ஆரியசாலைக் கடைத்தெருவில் பலகை வாங்கி, இந்த மாடி அறையில் அறுத்து ஒட்டிச் செய்த பெட்டிகள். நான்கு வருஷமாக அவற்றின் 'விரிவு' பற்றிப் பேசாத ஞாயிறு கிடையாது. பாடுகிறவர் ஓரிடத்தில் நிற்காமல் அறை முழுக்கப் பரவுகிறார் என்று பாட்டுக் கேட்க வந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் பரவாமல் என்ன செய்யும்? கூடவே பாஸ் என்கிற அடிநாதமும் செத்துப்போகும்.

அதைக் கண்டுபிடித்தவன் ஒருத்தன்தான். மூன்று மாசத்துக்கு முன்பு, முப்பத்தெட்டுப் பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில், கம்ப்யூட்டர் பாகங்களைச் சேர்த்துப் பூட்டி விற்கும் ஹரிஷங்கர் எழுதினான்: 'அண்ணா, மிருதங்கத்துல இடதுகைத் தொப்பி கேக்கவே இல்ல. ஒயர ஒரு தடவை பாருங்கோ.'

நேசையன் பதில் போட்டார்: 'கம்ப்யூட்டர் பூட்டுறவனுக்குக் காது எதுக்கு மக்கா? ஸ்க்ரூடிரைவர் போதும்.'

குழுவே சிரித்தது. ஹரிஷங்கர் அதன்பின் அங்கே ஒரு வரி எழுதவில்லை. ஞாயிறுகளில் வருவதும் நின்றது. இன்று வருவதுகூடக் குழுவிலுள்ள மலையாளி ரெஜி இழுத்து வருவதால்தான்.

படியில் செருப்புச் சத்தம். நேசையன் அவசர அவசரமாக ஒயர்களை மாற்றிப் பூட்டினார்.

"பிளக் எங்க இருக்கு, சார்?" என்றான் ஹரிஷங்கர்.

சார். பத்து வருஷத்து அண்ணா, மூன்று மாசத்தில் சாராகியிருந்தார்.

அவன் கொண்டுவந்த கம்ப்யூட்டரில் விசிறி கிடையாது. சூட்டை வெளியேற்ற முதுகெல்லாம் உலோகத் தகடுகள். ரெஜி அதைத் தடவிப் பார்த்து, இதில் இட்லி வேகுமா என்று கேட்டான். பிறகு, ஹார்டு டிஸ்க்கை விட எஸ்எஸ்டியில் பாட்டு இனிக்கும் என்று பழவங்காடியில் ஒருத்தர் சத்தியம் பண்ணியதாகச் சொன்னான். எதில் வைத்தாலும் ஒன்றும் பூஜ்யமும்தான் என்று ஹரிஷங்கர் அலுப்போடு சொன்னான். நூறு தடவை சொன்ன பதில்.

பாட்டு ஓடியது. மிருதங்கத்தின் தொப்பி கும்மென்று விழுந்தபோது ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

ரெஜி எழுந்தே நின்றுவிட்டான். "கேட்டோ சேட்டா? இதாணு கம்ப்யூட்டர். ஹரி, நீ மந்திரவாதிடா." உடனே குழுவில் அறிவிக்கப் போனை எடுத்தான்.

ஹரிஷங்கர் சிரிக்கவில்லை. தரையில் பெட்டி நகர்ந்த தூசித் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நேசையன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவனுக்குப் புகழ், அவருக்கு மானம். ஆனால் இந்தப் பொய்யை இனி ஒவ்வொரு ஞாயிறும் ஞாபகமாகக் காப்பாற்ற வேண்டும். ஐம்பத்தாறு வயதில் அதற்குத் தெம்பில்லை.

"கம்ப்யூட்டர் இல்ல ரெஜி. இடதுல ஒயர் மாறிக் கெடந்துது. நாலு வருஷமா. இப்பத்தான் மாத்தினேன்."

ரெஜியின் விரல் அந்தரத்தில் நின்றது. ஹரிஷங்கர் பையைத் தோளில் மாட்டினான்.

"அங்க எழுதினத அங்கதானே சார் திருத்தணும்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான்.

நேசையன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தட்டினார்: 'ஹரி சொன்னது சரி. ஒயரத் தப்பாப் பூட்டினவன் நான். காது இல்லாதவனும் நான்தான்.'

இரண்டு போன்கள் ஒன்றாக ஒலித்தன. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த ரெஜியிடமிருந்து குழுவில் பதில் வந்தது: 'எல்லாம் ஷரி. பக்ஷே அந்த விரிவு போச்சே சேட்டா. பழையபடி மாத்துங்க.' அதற்குள் நான்கு பேர் அதற்குக் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

நேசையன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

வாசலில் ஹரிஷங்கர் தன் போனைப் படித்துவிட்டு, செருப்பைத் திரும்பக் கழற்றினான்.

"அந்த மிருதங்கத்த இன்னொரு தடவை போடுங்கோ."

சாரும் இல்லை, அண்ணாவும் இல்லை. நேசையனுக்கு இன்றைக்கு அது போதும். பாட்டை முதலிலிருந்து போட்டார்.