எம்.டி.க்குப் பின்னால் ஒரு மலையேற்றம்

மலைப்பாதை சைக்கிள் பந்தயம் என்று சுற்றறிக்கை வந்த அன்றுதான், ஓசூர்த் தொழிற்சாலையின் மேலாளர்கள் எல்லாருக்கும் சிறு வயதிலிருந்தே சைக்கிள்மேல் உயிர் என்பது தெரியவந்தது. எம்.டி.க்கு சைக்கிள் பிடித்து ஒரு வருடம் இருக்கும். அதற்கு முன் அவருக்கு யோகா பிடித்திருந்தது. அப்போது இதே மேலாளர்கள் கான்பரன்ஸ் ஹாலில் தலைகீழாக நின்றார்கள்.

மலை என்று சொல்லப்பட்டது பர்கூர்ப் பக்கம் இருந்த ஒரு கிரானைட் குவாரி. எம்.டி.யின் மச்சினர் குத்தகைக்கு எடுத்தது. மலையின் பின்பாதியை அறுத்து பெங்களூர்ச் சமையலறைகளுக்கு அனுப்பியாகிவிட்டது. முன்பாதி மட்டும் போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் லாரிகளுக்காக வெட்டிய பாதையில்தான் பந்தயம். லாரியே அதில் முதல் கியரில் அழுதுகொண்டு ஏறும்.

ஹெச்.ஆர். துணை மேலாளர் ராஜசேகருக்கு இந்த மலையில் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. கம்பெனி குஜராத்தில் புது பிளான்ட் கட்டுகிறது. அங்கேயே தங்கி வேலை பார்க்க ஒரு துணை மேலாளர் போக வேண்டும். ஒன்று ராஜசேகர், இல்லை பர்ச்சேஸ் கோவிந்தப்பன். யார் என்று கேட்டதற்கு, "மலை முடிவு பண்ணட்டும்" என்றார் எம்.டி. எல்லாரும் கைதட்டினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ராஜசேகரின் மனைவி கவிப்ரியா வேப்பனப்பள்ளி அரசுப் பள்ளியில் ஆசிரியை. அந்த வேலையில் குஜராத்துக்கு மாறுதல் கிடையாது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. போனால் தனியாகத்தான் போக வேண்டும். தீபாவளிக்கு வந்துபோகிற விருந்தாளியாகிவிட வேண்டும். ஆகவே எம்.டி.க்கு அடுத்து இரண்டாவதாக வருவது, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது, இந்த ஆள் இல்லாமல் ஓசூர் நடக்காது என்று அவரை நினைக்க வைப்பது என்று திட்டம் போட்டார். மாதக்கணக்கில் விடிகாலையில் ராயக்கோட்டை ரோட்டில் மிதித்தார். முதலில் இடுப்புக்குக் கீழே வலி வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. பிறகு எதுவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பந்தயத்துக்கு ஆட்களை நிறுத்தியதும் ஹெச்.ஆர்.தான். தொழிற்சாலையில் எம்.டி. ரவுண்டு வரும்போது எப்படியோ அப்படியே நிறுத்தினார்கள். எம்.டி. முன்னால், இரண்டடி பின்னால் வைஸ் பிரசிடென்ட், அவருக்குப் பின்னால் பொது மேலாளர்கள், அப்புறம் துணை மேலாளர்கள். ரவுண்டில் எம்.டி.யை முந்தி நடந்தவர் கம்பெனி வரலாற்றில் ஒருவர்தான். அவர் இப்போது ஜவளகிரியில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்.

கொடி அசைந்தது. எம்.டி. மிதித்தார். அவர் வேகத்துக்கு மேல் யாரும் போகவில்லை. அவருக்கோ வேகமே இல்லை. சைக்கிள் நன்றாக இருந்தது. அது வெளிநாட்டிலிருந்து வந்தது. கால்கள் உள்ளூர்.

"என்னா ராஜசேகரு, ரொம்ப இளைச்சிட்ட" என்று பக்கத்தில் வந்தார் கோவிந்தப்பன். "குஜராத்துல சப்பாத்திதான். இன்னும் இளைப்ப."

"எனக்கு சப்பாத்தி ஒத்துக்காதுப்பா. உனக்குத்தான் சுகரு. டாக்டரே சப்பாத்தி சாப்புடச் சொல்லிருக்காருன்னு நீதான சொன்ன?"

"அது ராத்திரிக்கு மட்டும்தான்."

ஏற்றத்தில் வேகமாகப் போவது கஷ்டம் என்று உலகம் நினைக்கிறது. மெதுவாகப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சைக்கிள் நின்றால் சாயும். இங்கே நிற்கிற வேகத்தில் போயாக வேண்டியிருந்தது. அதோடு எல்லாரும் எம்.டி. போட்டிருப்பதுபோல, பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ வாங்கியிருந்தார்கள். பூட்டத் தெரிந்தது. முதல் வளைவில் மார்க்கெட்டிங் சாய்ந்தது. அதன்மேல் ஃபைனான்ஸ் சாய்ந்தது.

பின்னால் டெம்போவில் வந்த குலாம் முகம்மது ஒவ்வொருவராகப் பொறுக்கி ஏற்றினார். தொழிற்சாலையில் அவர் ஸ்கிராப் ஏற்றுகிறவர்.

"வாங்க சார், ஏறுங்க. ஃபைனான்ஸ் சாரு உள்ளதான் கெடக்காரு. அவரத் தாண்டி ஓரமா படுத்துக்குங்க."

இரண்டாவது வளைவில் எம்.டி. இறங்கி, இயற்கையை ரசிப்பதாகச் சொன்னார். எல்லாரும் ஷூவை எப்படியோ பெடலிலிருந்து பிடுங்கிக்கொண்டு இறங்கி ரசித்தார்கள். எதிரே அறுத்த பாறையும் ஒரு டீசல் டிரம்மும் இருந்தன. "பியூட்டிஃபுல்" என்றார் வைஸ் பிரசிடென்ட். அங்கேயே மயங்கி உட்கார்ந்தவரை குலாம் பாய் வந்து எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது வளைவில் கோவிந்தப்பன் விழுந்தார். முட்டி கல்லில் பட்டது. காலைக் கழற்ற முடியாமல் சைக்கிளோடு படுத்துக்கிடந்தார்.

"வுடு, நீ போ" என்றார் ராஜசேகரிடம். "மலை முடிவு பண்ணிடுச்சி. மூட்டைய கட்டறேன்."

ராஜசேகருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தொடையைக் கிள்ளிப் பார்த்தார். யாரோ வேறொருவரின் தொடையாக இருந்தது. கால்கள் தம் பாட்டுக்கு மிதித்தன. முன்னால் இப்போது எம்.டி. மட்டும். பிரேக்கைப் பிடித்தால் கோவிந்தப்பன் கதிதான். பிடிக்காவிட்டால் கோழிப்பண்ணை. விரல்களும் மரத்திருந்ததால் யோசித்துப் பயனில்லை. எம்.டி.யின் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்து, பக்கவாட்டில் நகர்ந்து, காணாமல் போயிற்று. "ராஜ்" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கழுத்து ஒத்துழைக்கவில்லை.

உச்சியில் ஹெச்.ஆர். டிரெய்னி மெஹக் பலூன் வளைவுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். ராஜசேகரைப் பார்த்ததும் பம்பைக் கீழே போட்டாள்.

"சார், நீங்க ஏன் சார் வந்தீங்க?"

"வந்துட்டேம்மா."

"எம்.டி. சாரு?"

"வர்றாரு."

"ரிப்பன் அவருக்குன்னு கட்டுனது சார். மேளக்காரங்க டீ குடிக்கப் போயிருக்காங்க. போட்டோகிராபரு அந்தப் பக்கம் பல்லு வெளக்கறாரு." சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் கீழ எறங்கிப் போயிட்டு, அவரு பின்னாடி மறுபடி வாங்களேன்."

அது ராஜசேகருக்கும் நியாயமாகப் பட்டது. அவர் துறையில் பயிற்சி பெற்ற பெண்ணல்லவா. சைக்கிளைத் திருப்பினார்.

எம்.டி. ஒரு பாறையில் சாய்ந்து நின்றிருந்தார். முகம் தக்காளி நிறம். உச்சியிலிருந்து வருகிறவரைக் கண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"எங்க போற?"

"உங்களக் கூட்டிட்டுப் போகத்தான் சார். முன்னாடி போயி, பாத சரியா இருக்கான்னு பாத்துட்டு வந்தேன்."

"இருக்கா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்."

எம்.டி. ஏறி உட்கார்ந்தார். ராஜசேகர் தன் சைக்கிளைப் பூட்டிய ஷூவோடு அங்கேயே போட்டுவிட்டு, சீட்டுக்குப் பின்னால் கைகொடுத்துத் தள்ளினார். கம்பெனியில் எல்லாரும் எப்போதும் செய்வதுதான். மலையில் செய்யும்போது மூச்சு வாங்கியது. கடைசி வளைவில் மேளச் சத்தம் கேட்டதும் எம்.டி. "போதும், வுடு" என்றார். அவர் ரிப்பனை அறுத்தபோது ராஜசேகர் படத்துக்கு வெளியே குனிந்து நின்றார்.

பரிசளிப்பில் எம்.டி. மைக்கைப் பிடித்தார். இந்த மலை தனக்கு வாழ்க்கையைக் கற்றுக்கொடுத்தது என்றார். டெம்போவில் படுத்திருந்தவர்கள் படுத்தபடியே கைதட்டினார்கள்.

"இன்னிக்கு ஒரு ஆளக் கண்டுபிடிச்சேன்" என்றார். "நாம யாரும் போகாத எடத்துக்கு முன்னாடி போயி, பாத சரியா இருக்கான்னு பாத்துட்டு, திரும்பி வந்து என்னையக் கூட்டிட்டுப் போனாரு. ஒரு தடவ ஏறவே நமக்கெல்லாம் நாக்கு தள்ளுது. இவரு ரெண்டு தடவ ஏறிருக்காரு. குஜராத்துல புதுசா ஆரம்பிக்க இந்த மாதிரி ஆளுதான் வேணும். பாவம் கோவிந்தப்பன், முட்டி போச்சு. அவரு இங்கயே இருக்கட்டும்."

மெஹக் மாலை கொண்டுவந்தாள். ராஜசேகர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். மேளம் அடித்தது. அது அடுத்த ஊர்க் கல்யாணத்தில் அடிப்பதுபோல அவருக்குக் கேட்டது.

டெம்போ இறங்கியது. கோவிந்தப்பன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் சாய்ந்திருந்தார்.

"ராஜசேகரு, நான் ஒண்ணும் பண்ணலப்பா. தானா வுழுந்ததுதான்" என்றார். பிறகு ராஜசேகரின் தோளிலேயே தூங்கிப்போனார்.

"சாரு, மாலைய வேணா கழட்டி வெச்சிடுங்க" என்றார் குலாம் பாய் முன்னாலிருந்து. "பூச்சி வரும்."

போன் அடித்தது. கவிப்ரியா.

"என்னங்க ஆச்சி? ஜெயிச்சீங்களா?"

ராஜசேகர் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினார்.

"ஆமா."

"அப்பாடா" என்றாள். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. "அப்ப போறது கோவிந்தப்பன் அண்ணனா? பாவம்ங்க. வயசான காலத்துல குடும்பத்த வுட்டுட்டு எப்பிடி இருப்பாரு அங்க?"

ராஜசேகர் தோளில் கிடந்த தலையைப் பார்த்தார். அது நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"இருந்துக்குவாரு" என்றார்.