ஆடிக் காற்று நின்ற மதியம்

கல்யாணமாகி மூன்றே மாதம். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைப் புருஷனிடமிருந்து பிரித்து அம்மா வீட்டுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். என்னையும் புருஷன் ஊர் புள்ளலூரிலிருந்து அம்மா ஊர் மாகறலுக்குக் கூட்டிவந்து விட்டார்கள். யாரைவிட்டு யாரைப் பிரிக்கிறார்களாம்? என் வீட்டுக்காரர் சக்திவேல் காற்றாலை மெக்கானிக். வைகாசியிலேயே ஆரல்வாய்மொழிக்குப் போயாச்சு. காற்றுக்காலம் முடியாமல் லீவு கிடையாது.

அண்ணன் ஆனந்தனுக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. காலையில் வேனில் போனால் சாயங்காலம் வீடு. "காத்தடிச்சாத்தான் மாப்ளைக்குக் கரண்டு. எங்க பிளாண்ட்டு ராவும் பகலும் ஒரே மாதிரி ஓடிக்கினே கீது. ஸ்டோர்ல ஒரு எடம் காலி. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மாப்ள பேரக் குடுக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

சக்திவேல் வேறு பாட்டு பாடுவார். "காத்து வருது, சுத்திட்டுப் போவுது, மிச்சம் ஒண்ணும் வெக்கறதில்ல. அங்க எரிஞ்ச அணுக் கழிவ எத்தினி தலைமுறை காவல் காக்கணும் தெரியுமா?"

கரண்ட் எங்கிருந்து வந்தால் எனக்கென்ன? புருஷன் வீட்டுக்கு வந்தால் போதும்!

மதியம் வேப்பமரத்தடியில் பாயைப் போட்டுப் படுத்தேன். காற்று பிய்த்துக்கொண்டு போனது. கண் சொருகியது. பாயோடு நான் மேலே போகிறேன். கீழே செய்யாறு காயப்போட்ட வேட்டி மாதிரி கிடக்கிறது. பயமே இல்லை. திடீரென்று விழித்தேன்; காற்று நின்றிருந்தது. ஓர் இலை அசையவில்லை. காற்று அடங்கினால்தான் மெக்கானிக்குகளைக் காற்றாலை மேலே ஏறவிடுவார்கள். இங்கே நின்றால் அங்கேயும் நின்றிருக்கும் என்று நினைத்தேன். நடுவில் எத்தனை மாவட்டம், பைத்தியக்காரி! ஆனால் போன் அடித்தது, அவர்தான்.

"அபி, மேல கீறேன்டி. மலை மேல மேகம் ஒக்காந்துக்கினு கீது. கைய நீட்டினா தொட்டுடலாம். நீ பாக்கணும்டி!"

கல்யாணத்தன்றுகூட அந்த மனுஷன் இவ்வளவு சந்தோஷமாகப் பேசவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது, அழுகையும் வந்தது.

"உங்க அண்ணன் சொன்ன வேலைக்கு வந்துடட்டா? நீ சொன்னா வந்துடறேன்," என்றார். குரல் சட்டென்று செத்துப்போயிருந்தது.

"வாணாம் மாமா. அங்கியே இரு. பெல்ட்டு மாட்டிக்கினியா?"

"மாட்டிக்கினேன்."

வைத்துவிட்டேன்.

நாலு மணிக்கு அண்ணன் கூப்பிட்டான். "மாப்ள பேரு குடுத்துடவா?"

"என் பேரக் குடுண்ணா. நானும் பி.காம். படிச்சவதானே?"

"நீயா? ஆடி முடிஞ்சா புள்ளலூருக்கு யாரு போறது?"

"அங்க மட்டும் யாரு கீறாங்க எனக்கு?"

வேன் காலை ஐந்தரைக்கு வரும் என்றான் அண்ணன்.