அந்தரத்தில் நிற்கும் ஆய்வகம்

அரசுக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகம் தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் நிற்கிறது. தூண் கிடையாது, கீழே வெறும் காற்றுதான். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மேல்கட்டுமானம் மத்திய அரசின் பங்கு, அடித்தளம் மாநில அரசின் பங்கு என்று பிரித்திருந்தார்கள். மத்தியப் பணம் முதலில் வந்தது, நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்ற நிபந்தனையோடு. மாநிலப் பங்கு பரிசீலனையில் இருந்தது. கைக்கு வந்த காசுக்கு எதைக் கட்ட வேண்டுமோ அதை மட்டும் கட்டிவிட்டுப் போனார் ஒப்பந்தக்காரர். பார்வையிட வந்த மத்தியக் குழு கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. "என்ன சார், அந்தரத்துல நிக்குது?" என்றார் குழுவில் இளையவர். "நிக்குதுல்ல?" என்றார் தலைவர். அதோடு ஆய்வு முடிந்து தேநீர் வந்தது.

தையற்காரரின் மகள் அந்த ஆண்டுதான் வேதியியலில் சேர்ந்தாள். நிறமில்லாத இரண்டு திரவங்கள் சேர்ந்து மஞ்சளாவதைப் பள்ளியில் ஒரே ஒருமுறை பார்த்து, அதற்காகவே சேர்ந்தவள். செய்முறைத் தேர்வு முடிக்காதவருக்குப் பட்டம் இல்லை என்பது விதி. அப்பா வெள்ளையடிப்பவரிடம் ஏணி வாங்கிவந்து சார்த்தினார். கல்லூரி முதல்வர் பதறி ஓடிவந்து எடுக்கச் சொன்னார். ஒரு பிள்ளை ஏறினாலும் கட்டடம் பயன்பாட்டுக்கு வந்ததாகிவிடும், பயன்பாட்டில் இருக்கும் கட்டடத்துக்கு அடித்தளம் எதற்கு என்று மாநிலம் கையை விரித்துவிடும். அப்பாவும் மகளும் உயர்கல்வித் துறை அலுவலகத்துக்கே போனார்கள். அதிகாரி உட்காரச் சொன்னார்.

"உங்க பங்கைக் குடுத்துட்டா இறங்கிரும் சார்," என்றார் தையற்காரர்.

"குடுக்கலாம்யா. ஆனா கட்டடம் தரையில இருந்தாத்தான் அடித்தளத்துக்கு மதிப்பீடு போட முடியும். மொதல்ல அதை இறக்கச் சொல்லுங்க."

"யாரு சார் இறக்கணும்?"

"அது மத்திய அரசோடது. நாங்க தொடக் கூடாது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இந்தப் பூசாரி நாற்காலி போட்டு உட்கார வைத்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆட்சி மாறியது, அதிகாரி மாறினார், ஆய்வகம் மாறவில்லை. அவள் வகுப்பு ஏட்டுச் சுரைக்காயிலேயே படிப்பை முடித்தது. எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தாள், பட்டம் வரவில்லை. அப்பாவுக்குக் கண் மங்கியதும் தையல் மிஷினை அவள் எடுத்துக்கொண்டாள், ஆய்வகத்துக்கு அடியிலேயே போட்டாள். ஊரில் வாடகை கேட்காத நிழல் அது ஒன்றுதான். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஆய்வக வெள்ளைக் கோட்டு இன்றும் கட்டாயம், அதை அவள்தான் தைக்கிறாள். கட்டிய ஆட்களில் யாரோ மேலே குழாயைச் சரியாக மூடாமல் போயிருக்கிறார்கள். சொட்டுகிற இடத்தில் வாளி வைத்திருக்கிறாள். சில நாட்களில் அந்தத் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அன்று மிஷினை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் வாளியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த ஆண்டு சேர்ந்த பெண் ஒருத்தி, கோட்டுக்கு அளவு கொடுக்கும்போது அண்ணாந்து பார்த்து, "அக்கா, இது எப்பக்கா இறங்கும்?" என்று கேட்டாள்.

"மேல பாக்காதம்மா," என்றாள் அவள், நாடாவைப் பிடித்தபடி. "தோள் அளவு தப்பிரும்."