வலது பக்க ஸ்பீக்கர்

கண்ணாடிக்காரர் ஹோம் தியேட்டர் ரிசீவர் தேடத் தொடங்கியது ஒரு மழைக்காலத்தில். வாங்கியது அடுத்த மழைக்காலத்தில். இடைப்பட்ட நேரத்தில் ஒரு கல்யாணத்தையே பேசி முடித்து, பிறந்த குழந்தைக்குப் பேரும் வைத்திருக்கலாம்.

கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுத் தருவது அவர் தொழில். "இந்த லென்ஸ் தெளிவா, அந்த லென்ஸ் தெளிவா?" என்று எல்லாரையும் கேட்டுப் பழகிய வாய், கடை கடையாக ஏறி இறங்கி ரிசீவரிடமும் அதையே கேட்டது. எத்தனை சேனல், எத்தனை வாட், ஃபோர்கே படம் நிறம் வெளுக்காமல் டிவிக்குப் போய்ச் சேருமா, கறுப்பு கறுப்பாகவே தெரியுமா? அவர் தலையைக் கண்டாலே விற்பனையாளருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

இத்தனை கூத்துக்கும் காரணம் மனைவி. பாவம், அவள் எதையும் வாங்கச் சொல்லவில்லை. கல்யாணமான நாள் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பார்கள். கொஞ்ச நாளாக அவள் பாதியிலேயே "துணி மடிக்கணும்" என்று எழுந்து போய்விடுகிறாள். இருக்கிற நேரத்திலும் ஒரு நொடி பிந்தியே சிரிக்கிறாள். அவள் இல்லாமல் பார்க்கும் படம் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. வெள்ளிக்கிழமையே கைவிட்டுப் போய்விடுமோ என்று மனுஷன் உண்மையிலேயே பயந்தார். பயந்தவர் என்ன செய்யவேண்டும்? பெண்டாட்டியிடம் கேட்கவேண்டும். இவர் ரிசீவர் விமர்சனங்களைப் படித்தார்.

படித்துப் படித்து நோயைக் கண்டுபிடித்தார். வீட்டிலிருந்த பழைய ரிசீவர் பெட்டியில் படம் முந்துகிறது, ஒலி பிந்துகிறது. அதனால்தான் அவள் சிரிப்பும் பிந்துகிறது! அதே சோபாவில் உட்கார்ந்திருக்கும் தனக்கு மட்டும் சிரிப்பு எப்படி நேரத்துக்கு வருகிறது என்ற அற்பக் கேள்வி அந்த மேதைக்குத் தோன்றவில்லை.

வாங்குகிற அன்று அவளையும் கடைக்கு அழைத்துப்போனார். விற்பனையாளர் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டார். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறந்தது. கடைக் கதவே கிடுகிடுத்தது.

"எப்படி மேடம்?"

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. பேசுறது புரியுமா?"

"அதெல்லாம் சென்டர் ஸ்பீக்கர் பாத்துக்கும் மேடம்."

"கேட்டியா, பாத்துக்குமாம்," என்றார் இவர், பெட்டியின் பின்பக்கத்து ஓட்டைகளில் கண்ணை வைத்தபடி.

வெள்ளிக்கிழமை வந்தது. வரவேற்பறை முழுக்க வயர். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் ஒரு வழியாகச் சோபாவில் போய் உட்கார்ந்தாள். இவர் ரிமோட்டும் கையுமாக டிவிக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஒவ்வொரு ஸ்பீக்கரா 'உஷ்'னு சத்தம் வரும். எந்தப் பக்கம் வருதோ அந்தக் கையத் தூக்கு. நடுவுல பேசக் கூடாது."

"நான் எங்க பேசினேன்?"

அவளுக்கு இடப்பக்கத்து ஸ்பீக்கர் உஷ்ஷென்றது. அவர் அந்தப் பக்கம் திரும்பினார். அவள் இடது கை உயர்ந்தது. பிறகு வலப்பக்கம். வலது கை உயர்ந்தது.

"சபாஷ்! பெட்டின்னா இதுதான் பெட்டி!"

சோதனை முடிந்து பெட்டி அடங்கியது. வலது ஸ்பீக்கர்மேல் ஒரு விரல் தடம் தெரிந்தது. யார் தொட்டார்கள் என்ற எரிச்சலில் அந்தப் பக்கம் திரும்பினார்.

அவள் வலது கை உயர்ந்தது.

அவர் திரும்பிய பக்கம் பார்த்துக் கை தூக்கியிருக்கிறாள். இந்த வித்தை அவருக்குப் புதிதா என்ன? தன் கண்ணாடிக் கடையில் தினமும் பார்ப்பதுதானே. பலகையில் உள்ள எழுத்து கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தனக்கு முன்னால் நிற்கிறவர் படிக்கும்போதே சிலர் மனப்பாடம் செய்துகொண்டு, குச்சியை வைக்கும் முன்பே கடகடவென்று ஒப்பிப்பார்கள். அப்படி ஒப்பிக்கிற ஒருத்தரையும் அவர் தப்பவிட்டதில்லை. வீட்டில் ஒருத்தி இத்தனை நாளாகத் தப்பியிருக்கிறாள்.

"இப்ப சத்தமே வரலயேம்மா," என்றார்.

அவள் கையை மெல்ல இறக்கிக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரொம்ப நாளா. வலது காது சுத்தமா இல்ல. இடது பரவால்ல, பேசுறதுதான் கலங்கலா வருது."

"அப்ப படத்துக்கெல்லாம் சிரிச்சியே?"

"உங்க மூஞ்சியப் பாத்துதான். நீங்க சிரிச்சா அது ஜோக்குன்னு அர்த்தம்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. நீங்க ஹெட்போன் போட்டுக்கிட்டு ரிசீவர் வீடியோ பாத்துட்டு இருந்தீங்க."

ரிமோட்டைக் கீழே வைத்தார். இத்தனை காலமும் அவளுக்கு வலப்பக்கமே உட்கார்ந்து அந்தக் காதிலேயே பேசித் தீர்த்தவர், வயர்களைத் தாண்டி, சோபாவைச் சுற்றிக்கொண்டு, இடப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

"நாளைக்கே காது டாக்டர்கிட்ட போறோம்."

"போலாம். இப்பப் படத்தப் போடுங்க."

படம் ஓடியது. திரையில் யார் வாயைத் திறந்தாலும் அவர் அவள் காதோரம் குனிந்து அதைத் திருப்பிச் சொன்னார். அத்தனை வாட் பெட்டியும் பக்கத்தில் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. பாதிப் படத்தில் ஒரு ஹெலிகாப்டர் வந்தது. பழக்கத்தில் அதற்கும் குனிந்தவரை அவள் கையமர்த்தினாள்.

"இது எனக்கே கேக்குது, விடுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும், அதே நொடியில்.