பாதி டெலிவரி

பார்சல் கம்பெனி ஆட்கள் கடற்கரையைச் சுத்தம் செய்த சனிக்கிழமைக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை, குப்பை தன் சொந்தக்காரர்களின் வீடுகளுக்குத் திரும்பிப் போகத் தொடங்கியது. அன்று வெயில் வழக்கம்போல அடித்தது, பேருந்துகள் வழக்கம்போலத் தாமதமாக வந்தன. யாரைக் குற்றம் சொல்வது என்று ஊரில் இன்னும் பேசித் தீரவில்லை. மேனேஜரைச் சொல்லலாம். உங்கள் கிளை ஊருக்காக என்ன செய்திருக்கிறது என்று மேலிடத்தில் யாரோ கேட்க, அந்த மனுஷன் முன்பின் யோசிக்காமல் கடற்கரை என்று வாயை விட்டுவிட்டார். அடுத்த வாரமே எல்லாருக்கும் பச்சைப் பனியன் வந்து இறங்கியது. எல்லாம் ஒரே அளவு, அதுவும் மேனேஜரின் அளவு. பில் போடும் பெண்கள் முழங்கால்வரை பனியனும் கையில் ரப்பர் உறையுமாகப் போய் இறங்கியபோது, காலை நடைக்கு வந்தவர்கள் ஏதோ நாடகக் கோஷ்டி என்று நினைத்து ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்தக் கடற்கரையில் மணல் என்று ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. ஷாம்பு பாக்கெட், அறுந்த வலை, தெர்மாகோல், பால் கவர், மருந்து பாட்டில், யாருடைய வீட்டிலோ இருந்த கதவின் பாதி என்று எண்ணெய்க் கறுப்போடு ஒட்டிக் கிடந்தன. இழுத்தார்கள், தோண்டினார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதுவரை ஒரு தப்பும் இல்லை. அள்ளிக்கொண்டு போக நகராட்சி லாரி ஒன்று சாலையில் காத்து நின்றது. அதில் அப்படியே கொட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் இவர்கள் வருஷக்கணக்காகப் பார்சல் கட்டியவர்கள். ஒரு பொருளைக் கட்டாமல் விட கை கேட்குமா? ஒருவர் மஞ்சள் கயிற்றை எடுத்தார், அவ்வளவுதான், எல்லாரும் எடுத்தார்கள். ஒவ்வொரு பாட்டிலையும் ஒவ்வொரு கவரையும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு, கம்பெனி வேனில் ஏற்றி, குடோன் அலமாரியில் வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். லாரிக்காரர் மத்தியானம்வரை பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு காலி வண்டியை ஓட்டிப் போனார்.

திரும்பி வந்த பார்சல்களைக் கவனிக்கும் பெண்மணியை ஆபீசில் ரிட்டர்ன் அக்கா என்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கணவர், தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர், ஒரு சாயங்காலம் அதே கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனார். திரும்பவில்லை. உடல் ஒதுங்கவும் இல்லை, யாரும் பார்த்ததாகச் சொல்லவும் இல்லை. கடல்தான் கொண்டுபோயிற்று என்பது மாமியாரின் கட்சி, ஏனென்றால் தன் பிள்ளை பெண்டாட்டியை விட்டு ஓடுகிறவன் இல்லை. எங்கேயோ போய்விட்டார் என்பது அக்காவின் கட்சி, ஏனென்றால் போனவர் உயிரோடு இருப்பார். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே டிவியைப் பார்த்து, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஜென்மப் பகையாக இருந்தார்கள். அக்காவுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: காத்திருக்கலாமா, வேண்டாமா? யாராவது ஒரு பதில் சொன்னால் போதும், எதுவானாலும் அழுது முடித்துவிடலாம் என்று அவர் நினைத்தார்.

அந்தச் சனிக்கிழமை, கிழிந்த வலைக்கு அடியில் அவர் கையில் ஓர் இடது கால் செருப்பு வந்தது. வார் அறுந்து, மஞ்சள் கயிற்றால் தைத்திருந்தது. கணவரின் செருப்புக்கு அக்காவே போட்டுத் தைத்த முடிச்சுதான் அது. வேன் டிரைவர் கொக்கி, எதையும் கொக்கியால் இழுத்தே எடுப்பதால் அந்தப் பெயர், பாறைகளுக்கு நடுவிலிருந்து அதன் வலது ஜோடியை இழுத்துக் கொண்டுவந்து, "அக்கா, இது உங்க கையில இருக்கறதோட ஜோடி போல" என்று நீட்டினான். அவர் வாங்கி இரண்டையும் தனித்தனியாகக் கட்டினார். அழலாமா என்று யோசித்தார். எதற்கு அழுவது என்று பிடிபடவில்லை.

திங்கட்கிழமை குடோனைத் திறந்ததும் கட்டிய குப்பையெல்லாம் அலமாரியிலிருந்து இறங்கி, கட்டிப்போட்ட நாய் வாசலைப் பார்த்து இழுக்கிற மாதிரி இழுத்தது. விலகி நின்று போகவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. மருந்து பாட்டில்கள் டாக்டர் வீட்டு கேட்டில் போய் நின்றன. பால் கவர்கள் மாடிப்படி ஏறின. மேனேஜரின் பழைய ஃபிரிட்ஜைச் சுற்றி வந்த தெர்மாகோல், லிஃப்டில் ஏறி அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டது. "எவனோ வேணும்னே வச்சிட்டுப் போயிருக்கான்" என்று அவர் அக்கம்பக்கத்தில் சொல்லிப் பார்த்தார். அக்கம்பக்கத்தார் தங்கள் வாசலில் கிடந்ததை கால்மிதியால் மூடிக்கொண்டே ஆமாம் என்றார்கள். ஒரு கட்டு கயிறு முகவரியைத் தானே கண்டுபிடிக்குமா என்று யாருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டொரு நாள் திகைத்துவிட்டு, எடுத்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

அக்காவின் கஷ்டம் வேறு. இடது செருப்பு வீட்டுப் பக்கம் இழுத்தது, வலது செருப்பு கடல் பக்கம் இழுத்தது. இரண்டையும் பிடித்துக்கொண்டு குடோன் நடுவில் நின்று பேந்தப் பேந்த விழித்தார். எதன் பின்னால் போனாலும் மற்றது தப்பிவிடும். கொக்கிதான் வந்து வலதைக் கையில் வாங்கினான்.

"நீங்க வீட்டுக்குப் போங்கக்கா. நான் இதோட போறேன். எங்க போய் நிக்குதோ பாத்துட்டு வந்து சொல்றேன்."

இடது செருப்பு தெருக்களைத் தெரிந்த மாதிரி கடந்து, படியேறி, கணவர் எப்போதும் செருப்பைக் கழற்றிவிடும் மூலையில் சுவரைப் பார்த்து அடங்கியது. மாமியார் பார்த்தார். "எங்கடி அவன்?" என்றார். இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில், குளியலறையில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில்கூடத் தேடினார்கள். யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கொக்கி பேன்ட் நனைய வந்து வாசலில் நின்றான்.

"தண்ணிக்குள்ள போயிடுச்சுக்கா. மிதக்கல. நடந்து போற மாதிரி போச்சு."

"நான் சொன்னேன்ல" என்றார் மாமியார். "அப்ப இங்க வந்தது என்னவாம்?" என்றார் அக்கா. ஆறு வருஷத்தில் முதல்முறையாக இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருந்ததால், மேற்கொண்டு எப்படிச் சண்டை போடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் வாசலிலிருந்து சமையலறைவரை ஈரச் சுவடுகள் விழுந்தன. எல்லாம் இடது கால். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும், அங்கே மட்டும் ஈரம் தேங்கியிருந்தது. மாமியார் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஒத்தக் காலாவது வந்துச்சே என் சாமி" என்று வாய்விட்டு அழுதார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினார்.

"அத்த, எங்க ஆபீஸ்ல இதுக்குப் பாதி டெலிவரின்னு சொல்லுவோம். ரெண்டு பெட்டியில ஒண்ணு வந்தா, வந்தத வாங்கிக்கணும். திருப்பி அனுப்பக் கூடாது. மீதி வழியில இருக்குன்னு அர்த்தம்."

"வழியிலன்னா, வருமா வராதா?"

"வழியில இருக்கு அத்த."

மாமியார் சரி என்றார்.

அதற்குப் பிறகு கடற்கரை பழையபடி ஆயிற்று. கம்பெனியும் வருஷா வருஷம் பச்சைப் பனியனோடு போய்ச் சுத்தம் செய்கிறது, ஆனால் யாரும் கயிறு கொண்டுவரக் கூடாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குப்பை லாரியில் போகிறது, ஊரும் நிம்மதியாக இருக்கிறது. அக்கா வீட்டில் சுவடுகள் தினமும் விழுகின்றன. உப்பு பூத்து ஒருமுறை தரை பெயர்ந்தது, கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசினார்கள். வீட்டுக்கு வருகிறவர்களும் பேச்சை நிறுத்தாமல், ஈரத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடக்கப் பழகிவிட்டார்கள். சில நாட்களில் அக்காவுக்கு ஆத்திரம் வரும். "வந்தா முழுசா வரணும், இல்லன்னா சும்மா இருக்கணும்" என்று குடத்தைப் பார்த்துத் திட்டுவார். திட்டிவிட்டுக் குடத்தை நிரப்பி வைப்பார்.

போன மாதம் வாசல் கால்மிதி நைந்துபோக, புதிது வாங்கக் கடைக்குப் போனார்கள். ஒற்றைக் காலுக்கு இது போதுமே என்று மாமியார் சின்னதாக ஒன்றை எடுத்துக் காட்டினார். அக்கா அதை வாங்கித் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு, இரண்டு கால் வைக்கிற அகலத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.