ஒரு செம்புத் தண்ணீர்

முள்ளிக்கொல்லையில் முப்பது வருடம் உபதேசியாராக இருந்தவன் நான். சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வதும், ஞானோபதேசம் கற்றுக்கொடுப்பதும், செத்தவர்களைப் புதைப்பதும் நான்தான். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் தற்பெருமைதான்.

இப்போது அந்த ஊரே இல்லை. நாற்பத்தெட்டுக்குப் பிறகு மூன்று வருடம் மழை பொய்த்தது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்தது, கிணறு உப்பாயிற்று. சனம் மூட்டையைக் கட்டிக்கொண்டு கறம்பக்குடி ரோட்டோரம் போய்க் குடியேறியது. முந்நூறு வருடத்துக்கு மேலான கோயில் தனியாகக் கிடந்தது. விட்டத்தையும் கதவையும் புதுக் கோயிலுக்குப் பெயர்த்துக்கொண்டு வந்தோம். அப்புறம் கேட்பானேன், கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். சுவர் சுவராகச் சரிந்து, கடைசியில் பீடம் மட்டும் மிஞ்சியது. அதன் இடுக்கிலும் எருக்கு முளைத்தது.

ஆனாலும் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் அங்கே போவோம். செத்தவர்களைப் பெயர்த்துக்கொண்டு வர முடியாதே. கோயிலைச் சுற்றியிருந்த செம்புறாங்கல் சுவருக்கு உள்ளேதான் கல்லறைகள். அது சாமியார் செபித்து மந்திரித்த மண். சாமியார் அதற்குள் மட்டும்தான் தீர்த்தம் தெளிப்பார். ஞானஸ்நானம் பெறாமல் செத்த பிள்ளைகளுக்குச் சுவருக்கு வெளியேதான் குழி.

அந்தச் சுற்றுச்சுவரும் இடிந்து வெறும் கல்வரிசையாகிப் போனது. வடக்கு மூலையில் அந்த வரிசை வருடாவருடம் வெளியே நகர்வதைக் கண்டேன். எங்கள் ஊர் இன்னாசியம்மாள் வேலை. விறகு பொறுக்க வரும்போதெல்லாம் ஒரு கல்லைப் புரட்டித் தள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இன்னும் இரண்டு முழம் நகர்ந்தால் அவள் பிள்ளையின் குழி உள்ளே வந்துவிடும். அவளுக்கு அது ஒன்றுதான் பிள்ளை. பிறகு வயிறு திறக்கவேயில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லை நகர்த்தினால் மண் மந்திரித்ததாகிவிடுமா? அந்தக் குழிக்கு இடம் காட்டியதே நான். நாற்பத்தெட்டில் அந்தப் பிள்ளை விடியலில் பிறந்து உச்சிப்பொழுதுக்குள் போய்விட்டது. மூச்சு இழுக்கிறது, வந்து ஞானஸ்நானம் கொடுங்கள் என்று ஆள் வந்தபோது நான் பக்கத்து ஊர்க் கல்யாணப் பந்தியில் இருந்தேன். பாயசம் வரட்டும் என்று உட்கார்ந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை விறைத்திருந்தது. சட்டம் சட்டம்தான் என்று சுவருக்கு வெளியே கையைக் காட்டினேன்.

ஐம்பத்தொன்பதில் புதுச் சாமியார் வந்தார். கல் நகர்ந்ததை அவரிடம் போட்டுக்கொடுத்தேன். கல்லறைத் திருநாளன்று பீடத்தின் முன்னால் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். ஆமாம், நான்தான் நகர்த்தினேன் என்றாள். பிள்ளைமேல் ஒரு சொட்டுத் தீர்த்தம் விழ வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை என்றாள். ஏன் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று கேட்டார். உபதேசியார் வருவதற்குள் போய்விட்டது என்றாள்.

"அதுக்கு உபதேசியார் எதுக்கும்மா? உயிர் போற நேரத்துல யாரு வேணாலும் தண்ணி ஊத்திச் செபம் சொல்லலாமே. பெத்தவளே ஊத்தலாம்."

"தண்ணி இருந்துச்சு சாமி," என்றாள். "தலைமாட்டுல ஒரு செம்பு நெறைய இருந்துச்சு."

சாமியார் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லிக் குடுக்கலையா?"

நான் சொல்லிக்கொடுத்ததேயில்லை. எவளும் ஊற்றலாம் என்றால் என்னை யார் தேடி வருவார்கள்? ஆனால் சுற்றிலும் ஊரே நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

"குடுத்தேன் சாமி. எல்லாருக்குந்தான் குடுத்தேன். இவ மறந்துருப்பா."

மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தாங்களும் மறந்துவிட்டதாகத்தான் ஒவ்வொருத்தியும் நினைத்திருக்க வேண்டும்.

சாமியார் நல்ல மனுசர். கல்லை அப்படியே விடச் சொல்லி, அந்தக் குழிமேலும் தீர்த்தம் தெளித்தார். பதினோரு வருடம் ஏங்கியது அவளுக்குக் கிடைத்தது. அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து எந்த வீட்டில் ஒருத்தி உண்டானாலும் இன்னாசியம்மாள் போய் நின்றாள். தண்ணீர் எப்படி ஊற்றுவது, என்ன செபம் சொல்வது என்று கற்றுக்கொடுத்தாள். உபதேசியார் அன்றைக்கே சொல்லித் தந்தார், நான் பாவி மறந்துவிட்டேன், நீ மறந்துவிடாதே என்பாளாம். நான் போகிற வீட்டிலெல்லாம் இதைச் சொல்லி என்னை மெச்சினார்கள். அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை.

அறுபத்தாறில் அவள் சாகக் கிடந்தாள். செபம் சொல்லக் கூப்பிட்டார்கள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனையோ நாளா யோசிச்சுப் பாக்கிறேங்க, உபதேசியாரே. நீங்க சொல்லித் தந்தது நெனைப்புக்கே வரமாட்டேங்குது. எங்க வச்சுச் சொன்னீங்க?"

அவள் புருசனும் சொந்தக்காரர்களும் சுற்றி நின்றார்கள்.

"பழைய கோயில்லதான்," என்றேன். "மாதா சுரூபத்துக்குக் கீழ. அன்னைக்கு மழை பேஞ்சுச்சு."

அவள் கண்ணை மூடினாள்.

"ஆமா," என்றாள் பிறகு. "மழை பேஞ்சுச்சு. இப்ப நெனைப்பு வந்துருச்சு."